சுவருக்கு அப்பால் கேட்ட தாளம்

மவுகே தீவுக்காரர்கள் தங்கியிருந்த விடுதியில் பட்டப்பகலில்கூட ஜன்னல் திறப்பது கிடையாது. உள்ளே நாற்பது பேர் வியர்த்து வழிந்தார்கள். ஆட்டத்துக்கான உடைகள் போர்வைகளுக்கு அடியில் ஒளிந்திருந்தன. முரசுகளுக்குத் துண்டு சுற்றி வைத்திருந்தார்கள்.

தலைநகரத் தீவான ராரோதோங்காவில் எல்லாத் தீவுகளும் கூடி ஆடும் திருவிழாவுக்கு இன்னும் இரண்டே நாள். அதுவரை ஒரு தீவின் ஆட்டம் இன்னொரு தீவுக்குத் தெரியக்கூடாது.

அதிலும் பெரிய ரகசியம், நூரோவாவின் அப்பா தௌரி ஒரு வருடமாக யோசித்துக் கட்டிய புதுத் தாளம். தக்கத் தக்கத் தும், தக்கத் தும். அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்காது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும்போது, ஒரே ஒரு தும்.

நூரோவாவுக்குப் பத்து வயது. சிறுமிகளின் முன் வரிசையில் நடுவில் ஆடப்போகிறவள் அவள்தான். அந்தக் கடைசித் தும்மில் அவளுடைய வலது கால் தரையைத் தொட வேண்டும். தாளத்தைவிட நடுவில் வரும் அந்த மௌனம்தான் அவளுக்குப் பிடிக்கும்.

புதன்கிழமை காலை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தக்கத் தக்கத் தும், தக்கத் தும்.

ஒரு மூச்சு நேரம் எதுவும் இல்லை. பிறகு, தும்.

சாப்பிடுகிறவர்களின் கை அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தியு தீவுக்காரர்களின் விடுதி.

"தகர டின்ல தட்டிப் பழகுறாங்க," என்றார் தௌரி. அவர் முகம் வெளுத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை அவங்க ஆட்டம். நம்ம ஆட்டம் சனிக்கிழமை," என்றார் உடை தைக்கும் தெரே பெரியம்மா. "அவங்க முதல்ல வாசிச்சிட்டா, நாமதான் திருடினோம்னு ஊர் பேசும். யாரு போய்ச் சொன்னது?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ரோங்கோ அத்தை உள்ளே வந்தார். தௌரியின் தங்கை. பிறந்தது மவுகே, வாழ்க்கைப்பட்டது அத்தியு. சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, தினமும் அண்ணனுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவார்.

தெரே பெரியம்மா போர்வையை இன்னும் இழுத்து உடைகளை மூடினார்.

"என்ன இது, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று அத்தை சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

"வச்சிட்டுப் போ. வேலை இருக்கு," என்றார் தௌரி, நிமிர்ந்து பார்க்காமல்.

அத்தை பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"இனிமே அவளை உள்ள விடாதீங்க. புதுத் தாளமும் வேண்டாம். போன வருஷத்துத் தாளத்தையே வாசிப்போம்," என்றார் தௌரி. கீரையை அவர் தொடவே இல்லை; சிறுவர்கள்தான் தின்று முடித்தார்கள்.

நூரோவா யோசித்துக்கொண்டே இருந்தாள். அத்தை பேசும்போது பாத்திரத்தின் விளிம்பில் விரலால் தட்டுவார். அது இந்தத் தாளம்தானா? அத்தை அப்படிச் செய்வாரா? செய்யமாட்டார் என்று தோன்றியது. உடனே, செய்திருந்தால், என்றும் தோன்றியது.

மறுநாள் அவள் காலிப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டாள். பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்கு யாரும் தடை சொல்ல முடியாதே.

அத்தியு விடுதியின் பின்பக்கம் போனதும் அதே தாளம் கேட்டது. நூரோவா துணி காயும் கொடிக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள்.

அங்கே முரசுக்காரர் யாரும் இல்லை. ஓர் இளம் பெண், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின்னில் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண்கள் மெல்ல மூடிக்கொண்டிருந்தன.

"அடியே, கப்பல் பொண்ணே," என்றாள் அவள் தணிந்த குரலில். "உன் கால் தெரியுது. வா இங்க."

நூரோவாவுக்கு ஞாபகம் வந்தது. மவுகேகாரர்களை ஏற்றிய கப்பல், வழியில் அத்தியுவிலும் நின்றது. கடல் கொந்தளிப்பில் இந்தப் பெண் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். கத்திக்கொண்டிருந்த குழந்தையை நூரோவாதான் தோளில் போட்டு, முதுகில் தட்டித் தூங்கவைத்தாள்.

"நீ தட்டின மாதிரி தட்டினாத்தான் துவா தூங்குறான். என் கை வலிச்சுப்போச்சு. அதான் டின்னு," என்றாள் அந்தப் பெண். "ஆனா எங்க முரசுத் தலைவருக்கு ஒரே பயம். இது யார் தாளம்னு தெரியல, நம்ம மேல திருட்டுப் பழி போடத்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்கன்னு, இதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிடுறாரு."

நூரோவா தன் வலது கையைப் பார்த்தாள். யார் சொன்னது என்று எல்லோரும் தேடியது இந்தக் கையைத்தான்.

அத்தையின் பாத்திரத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள். சொன்னால் முன் வரிசை போய்விடும். சொல்லாவிட்டால் அத்தை அந்தக் கதவுக்கு வெளியிலேயே நிற்பார்.

விடுதிக்குள் போனதும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இவளை முன் வரிசையிலேருந்து எடுத்துடணும்," என்றார் தெரே பெரியம்மா.

தௌரி மகள் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார், "கப்பல்ல எத்தனை தடவை தட்டினதும் தூங்கினான்?"

"மூணு தடவைப்பா."

"எந்த இடத்துல கண்ணு மூடினான்?"

"நடுவுல சும்மா விடுவோமே, அங்க."

தௌரியின் மீசை லேசாகத் துடித்தது. "கத்துற பிள்ளையையே அடக்குற தாளம். அதையா நான் தூக்கிப் போடப் பாத்தேன்? புதுத் தாளத்தையே வாசிப்போம். முன் வரிசையில இவளே ஆடட்டும், பெரியம்மா. இவளைவிட அந்தத் தும் யாருக்குத் தெரியும்?"

அவர் எழுந்து நேராக அத்தியு விடுதிக்குப் போனார். நூரோவா பின்னாலேயே ஓடினாள்.

"ரோங்கோ, பசிக்குது," என்றார் தௌரி, வாசலில் தலையைக் குனிந்துகொண்டு.

"ஏன், நேத்து பசிக்கலையா?" என்றார் அத்தை. பிறகு உள்ளே போய்க் கீரைப் பாத்திரத்தை எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை அத்தியுவின் முரசுகள் அவர்களுடைய சொந்தத் தாளத்தையே முழங்கின. நன்றாகத்தான் இருந்தது என்று தெரே பெரியம்மாவே ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை மவுகேயின் முறை. அத்தியுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் துவா வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். முரசுகள் அதிர்ந்தன. தக்கத் தக்கத் தும், தக்கத் தும். பிறகு அந்த மௌனம். அரங்கில் ஓர் ஓசையும் இல்லை. அழுகையும் இல்லை.

தும். நூரோவாவின் வலது கால் தரையைத் தொட்டது.

ஆடிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தாள். அத்தனை முழக்கத்திலும் ரோங்கோ அத்தையின் தோளில் துவா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அத்தியுவின் முரசுத் தலைவர், காதிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தாளம் கேட்டுக்கொண்டிருந்தார்.