வலது பின்சக்கரம்

புது பேரிங் போட்ட பிறகும் சத்தம் போகவில்லை.

மோனப்பா கடைவீதி வரைக்கும்தான் போயிருப்பார். வலது பின்சக்கரத்திலிருந்து அதே முனகல் கிளம்பியது. வாயை மூடிக்கொண்டு யாரோ அடித்தொண்டையில் இழுக்கிற மாதிரி ஒரு உம்ம்ம். வண்டியைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக் ஹசனபாவின் கொட்டகைக்கே வந்து நின்றார். ஆடி மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. நடுப்பகலிலேயே உள்ளே பல்பு எரிந்தது.

"என்ன மோனப்பண்ணா, நான் போட்ட பேரிங் மேலயே புகாரா? மாப்பிள்ளையை மணையில உக்கார வைக்கிற மாதிரி வச்சேனே!"

"நீயே கேளு."

ஹசனபா ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டான். எண்ணெயில் வழுக்குவது போல ஓசையே இல்லாமல் சுற்றி நின்றது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். அசைவில்லை. பழைய பேரிங்கை எடுத்து விளக்கடியில் காட்டினான். அதன் குண்டுகளில் ஒரு கீறலைக்கூடக் காணோம். ஜாக்கியை இறக்கி இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளினார்கள். உடனே, உம்ம்ம்.

ஹசனபா பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னி மட்டும் கிடந்தது.

"காலி வண்டி ஏன் இந்தப் பக்கம் இப்படி அமுங்கியிருக்கு? ஸ்பிரிங் பட்டையும் உடையல. யாரை ஓசியில ஏத்திக்கிட்டுத் திரியறீங்கண்ணா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். மோனப்பா சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடமெல்லாம் அவருக்குப் போன மழைக்காலத்திலேயே மரத்துப்போயிருந்தது. ஆற்றில் தோணி கவிழ்ந்து மகன் யதீஷ் போனான். அவனோடு முங்கிச் செத்தவர்களில் ஊர் பேர் தெரியாதவர்களும் உண்டு. அதற்குப் பிறகு சோறு தின்றார், வண்டி ஓட்டினார், தூங்கினார். நாக்கில் உப்பு தெரியாது. சூடான சைலன்சரில் கை பட்டால் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பாவம், அழக்கூட இல்லை அந்த மனிதர்.

யார் ஏறியிருப்பது என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆடி அமாவாசையன்று வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டார்கள். மனைவி கிரிஜா மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். மோனப்பா மகனுடைய இலையை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் தோணித்துறைக்குப் போனார். யதீஷ் எப்போதும் பின்சீட்டில் கால் நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவான். கோழிக்கறியும் ரொட்டியும் அங்கேயே பரிமாறி, கதவைச் சாத்தி, மழையில் முதுகைக் காட்டி நின்றார். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. ஒரு வருஷமாக வாயில் வராத பேர் அன்றைக்கும் வரவில்லை.

"வாடா. வந்து சாப்பிடு."

அவ்வளவுதான் சொன்னார்.

முதுகுக்குப் பின்னால் வண்டி ஒரு பக்கமாக இறங்கிக் கிறீச்சிட்டது. சாப்பிட்டு முடிந்தால் இலையைக் காக்கைக்குப் போட்டு, போய் வா என்று அனுப்ப வேண்டும். அதை அவர் செய்யவில்லை. இலையைச் சுருட்டி சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் அன்று தொடங்கியது. 'இந்த உறுமலோடயா புள்ளத்தாச்சிப் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறீங்க?' என்று கிரிஜா கத்தியதால்தான் பேரிங் மாற்றவே வந்தார்.

ஹசனபா கையைத் துடைத்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"சக்கரத்துல குறை இல்லண்ணா. இதுல வாரிஜாவை ஏத்தாதீங்க. என் வேன் சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்," என்றார் மோனப்பா. கல்யாணமான முதல் ஆடிக்கு மகள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே வண்டியில் வரட்டும் என்று அவருக்கு இருந்தது. ஒரு வருஷத்தில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

மருமகன் வீட்டில் வாரிஜா பலாப்பழ அப்பளப் பொட்டலத்தோடு தயாராக நின்றாள். ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டின் இடது பக்கம் ஏறினாள்.

"என்னப்பா இது, வண்டிக்குள்ள வண்டு புகுந்திருக்கா?"

"சக்கரம்மா."

பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து இறங்கியது. இடதுபுறம் திரும்பும்போதெல்லாம் பாரம் வலது சக்கரத்தில் சாய்ந்து, முனகல் தடித்து, சீட்டு வழியாக அவர் முதுகெலும்புக்குள் ஏறியது. கண்ணாடிகளை ஏற்றியிருந்ததால் உள்ளே ஒரு வாடை தேங்கியது. யதீஷின் தலையெண்ணெய் வாடைக்காக மோனப்பா மூக்கை விரித்தார். வந்தது ஆற்றடிச் சேற்றின் வாடை, நாள்பட நீரில் ஊறிய தோலின் வாடை.

"சீட்டெல்லாம் ஈரம்ப்பா. அந்தப் பக்கம் பள்ளமா கிடக்கு. நான் வழுக்கி வழுக்கிப் போறேன்."

"கெட்டியாப் புடிச்சுக்கோ."

"புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்." கொட்டாவி விட்டாள். "தூக்கம் தூக்கமா வருது."

பள்ளம் என்றாளே. மூங்கில் குச்சி மாதிரி இருப்பான் யதீஷ். அவன் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வண்டிக்குத் தெரிந்ததே கிடையாது. பட்டை அமுங்குகிற உடம்பா அவனுக்கு?

அப்படியானால், பேர் சொல்லாத அழைப்புக்கு வந்து ஏறியது யார்?

கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன. இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"வாரிஜா."

பின்னாலிருந்து உம்ம்ம் மட்டும்.

ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அப்போது பெயர்ந்தது.

"யதீஷா!"

தோணித்துறை வளைவில் வண்டி விளக்கின் வெளிச்சம் திரும்பியது. மழைக்குள் ஒல்லியாக ஒருவன். தண்ணீர் சொட்டச் சொட்ட, வண்டியை மறித்துக் கை தூக்கியபடி. மகன்தான். அப்போதுதான் கரையேறி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்தான். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மோனப்பா பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. சக்கரம் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். வாரிஜா தூங்குகிறாள். தலை வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் கன்னம் எதன்மீதோ அழுந்தித் தட்டையாகி, கூந்தலில் சேற்றுநீர் இறங்குகிறது. அவள் வயிற்றுச் சேலையில் அகலமான ஒரு ஈரக்கையின் தடம். ஐந்து விரலும் விரிந்து. துணி அதற்கடியில் அமுங்குகிறது. முனகலுக்கு ஏற்ப, மெதுவாக, வட்டமாக, அது தடவிக்கொண்டிருக்கிறது.