ரஸ்டிக்கு இன்னொரு ஊசி

கேட்டைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்ற நாயைப் பார்த்து டாக்டர் பிரபாவுக்குக் கால் நகரவில்லை. அந்த ரஸ்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுத் தூங்க வைத்ததே அவள்தான். ரிச்சர்ட்ஸ் டவுனின் இதே வீட்டுப் பின்புறத்தில், சப்போட்டா மரத்தடிக் குழிக்குள் அதை இறக்கியபோது பக்கத்தில் நின்றிருந்தாள்.

தொண்ணூற்றெட்டின் மழைக்காலச் சாயங்காலம். கரண்ட் இல்லை. ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், ஈரமண்ணோடு கலந்த பழைய மரச்சாமான்களின் வாடையும், எங்கோ சர்ச்சில் பாட்டுப் பழகும் குரல்களும் அவளைச் சுற்றியிருக்க, மருந்து குறைந்துபோயிற்றோ, உயிர் இருக்கும்போதே மண்ணைத் தள்ளிவிட்டோமோ என்றே நினைப்பு ஓடியது.

"தானா வந்து கதவைச் சொறிஞ்சுச்சு டாக்டர்," என்றார் சிரில், மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்தபடி. ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "திங்கல. தண்ணி குடிக்கல. ஆஞ்சலா கட்டில் பக்கத்துல சும்மா நிக்குது. அவளையே பாக்குது."

ஆஞ்சலா அவர் மனைவி. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். ரஸ்டிக்குக் கண் மங்கிப் பின்னங்கால் இழுக்கத் தொடங்கியதும், ரெண்டு பேரையும் என்னால பாக்க முடியாது என்று சிரில்தான் கெஞ்சினார். நாய் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று தெரிந்தும் பிரபா சம்மதித்தாள்.

நாய் கூடத்துக்குப் போய்க் கட்டிலை ஒட்டி நின்றது. பின்னங்கால் இப்போது இழுக்கவில்லை.

"வலிக்குதுன்னு அது உங்ககிட்ட சொல்லுச்சா, டாக்டர்?" கட்டிலிலிருந்து ஆஞ்சலா மெதுவாகக் கேட்டார்.

பிரபா மண்டியிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தாள். குளிர்ந்த ரோமத்துக்கு அடியில், யாரும் இல்லாத வீட்டின் அமைதி. நாய் அவள் புறங்கையை நக்கியது. நாக்கில் ஈரமில்லை. மண் நறநறத்தது.

"இன்னொரு தடவ போட்டுடுங்க," என்றார் சிரில். "முழுசா முடிச்சுடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

துடிக்காத இதயத்தை நிறுத்த என்ன ஊசி என்று அவளுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் பழகிய கை பையைத் திறந்தது. ஒன்று போதாமல் போனால் என்று இரண்டு சிரிஞ்சுகளில் மருந்தை ஏற்றினாள்.

நாய் தானாகவே முன்னங்காலை நீட்டியது.

மருந்து இறங்கியது. நாய் நின்றுகொண்டே இருந்தது.

கட்டிலில் ஒரு நீண்ட மூச்சு. வெளியே வந்த மூச்சு. உள்ளே திரும்பவில்லை.

பிரபா கையை நீட்டி ஆஞ்சலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. வாய் திறந்திருந்தது. கண்ணும்.

சிரில் கட்டிலைப் பார்க்கவில்லை. நாயை விட்டுக் கண் எடுக்கவே பயந்தவர்போல் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். பிரபா ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி நாயின் நெஞ்சில் அழுத்தினாள்.

துடித்தது.

வேகமாக. பயந்த இதயம் துடிக்கிற மாதிரி. தன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அதே வேகம். மூச்சை அடக்கினாள். கழுத்தில் ஒரு துடிப்பு தவறியது. காதிலும் தவறியது.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

"இது பத்தல டாக்டர்," என்றார் சிரில். இரண்டாவது சிரிஞ்சு அவர் கையில் இருந்தது. "நீங்க விடுங்க. நான் போட்ட ஊசி எத்தனையோ."

நாய் மற்ற முன்னங்காலைத் தூக்கி அவரிடம் நீட்டியது. கண் மட்டும் பிரபாவின் மேல்.

ஊசி முனை ரோமத்தை விலக்கியது.

பிரபாவின் முழங்கை மடிப்பில், தோலுக்கு அடியில், சில்லென்று ஏதோ ஏறத் தொடங்கியது.