நாயைப் பிடிங்க

நாய் ஒன்று குரைத்தது.

ஒரே குரைப்புதான். கனத்த, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் குரைப்பு. மணலில் மண்டியிட்டிருந்த தொல்லியல் ஆய்வாளர் உயங்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாலாபக்கமும் மணல்மேடுகள். கோபி பாலைவனத்தின் இந்தப் பக்கத்தில் கிணறு வற்றிப் பல காலமாகிறது. மந்தை கிடையாது, கூடாரம் கிடையாது. நாய்க்கு இங்கே என்ன வேலை?

"கேட்டுச்சா பூரெவ் அண்ணே?"

வேன் நிழலில் காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் பூரெவ் தலையாட்டினார். "கேட்டுச்சும்மா. கேக்காத மாதிரி இருந்துடலாம்னு பார்த்தேன்."

உயங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே அவளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் முன்னால், காற்று வாரிக்கொண்டு போன மணலுக்கு அடியிலிருந்து, ஓர் அடுப்பு வெளியே வந்திருந்தது. மூன்று கற்கள், நடுவே சாம்பல். நாலாயிரம் வருடத்துக்கு முன் இங்கே ஆடு மேய்த்த குடும்பம் ஒன்று மூட்டிய அடுப்பு. சுற்றிலும் பானை ஓடு, கல் சில்லு, தீக்கோழி முட்டை ஓட்டில் துளையிட்ட மணி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் நட்ட சிவப்புக் கொடி. அடுப்புக்கு ஓரமாக ஒரு நாயின் எலும்புக்கூடு, சுருண்டு படுத்த வாக்கிலேயே கிடந்தது. மூக்கு அடுப்பைப் பார்த்து இருந்தது.

இது தொல்லியல் அறிக்கையில் ஏறினால், நிலக்கரி லாரிகளுக்காகப் போடும் சாலை இந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வாரமே புல்டோசர்.

ஏறக் கூடாது என்பதில்தான் குழுத் தலைவர் சம்பூ குறியாக இருந்தார்.

"இன்னுமா கொடி நட்டுக்கிட்டு இருக்கே?" மேட்டிலிருந்து இறங்கியபடியே கத்தினார். "'ஒண்ணுமில்ல'ன்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணுமில்லாத இடத்துல அப்படி எழுதலாம் தலைவரே. இங்க ஒரு வீடே இருக்கு."

"வீடா? மூணு கல்லு!"

"உங்க வீட்டு அடுப்பை எவனாவது மூணு கல்லுன்னு சொன்னா விடுவீங்களா?"

சம்பூ மேற்கே கை காட்டினார். அடிவானம் பழுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. மணல்புயல்.

உயங்கா கேமராவை எடுக்கப் பள்ளத்தின் மறுகோடிக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வேனின் பின்சக்கரம் மணலில் புதைந்திருந்தது. அதன் கீழே சம்பூ முட்டுக் கொடுத்திருந்தது அந்த மூன்று கற்களைத்தான். போதாதென்று, சாம்பல் பறந்து கண்ணில் விழுகிறது என்று, குவளையில் மிச்சமிருந்த உப்புத் தேநீரையும் அடுப்புக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாலையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகிறவர்கள்கூட அடுப்புக் கல்லை அசைக்க மாட்டார்கள். தணலில் தண்ணீர் ஊற்றுவதை எதிரியும் செய்ய மாட்டான்.

"என்ன காரியம் பண்றீங்க!" உயங்கா கத்தினாள். "அம்மா அப்பா வளர்த்தாங்களா உங்களை, இல்ல ரோட்டுக்காரன் வளர்த்தானா?"

"கல்லு இல்லேன்னா அடுப்பு இல்ல. அடுப்பு இல்லேன்னா வீடு இல்ல. இப்ப எழுது." சம்பூ குவளையை உதறினார். "நாலாயிரம் வருஷத்துப் பொணம் எழுந்து வந்து என்னைக் கேக்கட்டும்."

பூரெவ் முகம் வெளுத்து, மூன்று முறை தரையில் துப்பினார்.

உயங்கா குழியருகே உட்கார்ந்து ஈரச் சாம்பலில் கை வைத்தாள்.

சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

சுட்டது.

எரியும் சாணத்தின் வாடை எழுந்தது. இப்போதுதான் மூட்டிய அடுப்பின் வாடை.

அதற்குள் புயல் வந்து விழுந்தது. மூவரும் வேனுக்குள் பாய்ந்து கதவை அடைத்தார்கள். நடுப்பகல் மஞ்சளாகி, செம்பாகி, பிறகு ஒன்றும் தெரியாமல் போயிற்று. மணல் தகரத்தில் அறைந்தது.

அந்த இரைச்சலுக்குள் வேறொரு சத்தம்.

குரைப்பு.

இந்த முறை நிற்கவில்லை. வேனை வளைய வந்தது. முன்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம். நகங்கள் தகரத்தைப் பிறாண்டின. சம்பூ உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் ஏதோ மோதியது. மறுபடியும் மோதியது. அந்தக் கதவில் மட்டும்தான்.

"ஓநாய்" என்றார் சம்பூ, கதவை விட்டு நகர்ந்தபடி.

"ஓநாய் குரைக்காது தலைவரே" என்று பூரெவ் கிசுகிசுத்தார்.

கண்ணாடியில் ஒரு மூச்சு படிந்தது. வெளிப்பக்கம்.

தன் பயத்தைப் பார்த்து உயங்கா உள்ளூர மகிழ்கிறாள் என்று சம்பூவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் சிரித்தார். கண்ணாடியை ஓர் இடுக்கு இறக்கினார். இந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டாமல் தொலைவிலிருந்தே எல்லாரும் போடுகிற அந்தக் குரலை, கேலியாக இழுத்துப் போட்டார்.

"ஏ வீட்டுக்காரங்களே! நாயைப் பிடிங்க!"

"ஐயோ, வேணாம்!" பூரெவ் அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தார்.

குரைப்பு நின்றது.

பாதியில் நின்றது. யாரோ கழுத்தைப் பற்றி இழுத்தது போல.

மணல்கூட ஒரு கணம் அடங்கியது. அந்த அமைதியில் ஒரு மரக்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"பிடிச்சிட்டாங்க" என்றார் பூரெவ். "நீங்க வர்றேன்னு சொல்லிட்டீங்க. அவங்க நாயைப் பிடிச்சிட்டாங்க. இனிமே போகாம இருக்க முடியாது. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினா..."

சம்பூ ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தார். முகத்தில் பயமில்லை. ஒன்றுமே இல்லை. அழைத்த வீட்டுக்குப் போகிறவனைப் போல மேல்சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். விருந்தாளி மரியாதைப்படி சட்டைக்கையை இறக்கி மணிக்கட்டை மறைத்தார்.

உயங்கா அவர் கையைப் பிடித்தாள். அவ்வளவு கோபத்திலும் பிடிக்கத்தான் செய்தாள். அந்தக் கை ஈரச் சாம்பலாய் நழுவியது.

மஞ்சள் இருட்டு அவரை வாங்கிக்கொண்டது.

புயல் ஓய்ந்தபோது வெயில் பளிச்சென்று அடித்தது. காற்று எல்லாத் தடத்தையும் துடைத்திருந்தது, சம்பூவின் பூட்ஸ் தடத்தைத் தவிர. அது தெற்கேயிருந்து பள்ளத்துக்குள் நுழைந்தது, வாசல் இருந்திருக்கக்கூடிய இடத்தில். இடப்பக்கம் திரும்பி, விருந்தாளி உட்காரும் மேற்கு ஓரத்துக்குப் போனது. அங்கே ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்த பள்ளம்.

திரும்பி வந்த தடம் இல்லை.

சக்கரத்தின் கீழ் கற்கள் இல்லை. மூன்றும் அடுப்பில், பழைய இடத்தில் நின்றன. நாயின் எலும்புக்கூடு கிடந்த இடத்தில் சுருண்ட வடிவில் ஒரு குழி மட்டும்.

காவல்துறை தேடியது. கிடைக்கவில்லை. உயங்கா கற்கள், ஓடுகள், மணிகள் எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அறிக்கை கொடுத்தாள். தலைநகரத்தில் எவனோ அதை மேசைக்கடியில் தள்ளினான். பனி விழுமுன் சாலைக்காரர்களின் மேலாளர் ஒச்சிர் புல்டோசரோடு வந்து இறங்கினார். உயங்கா பள்ளத்தின் விளிம்பில், இயந்திரத்துக்கு முன்னால் நின்றாள். பூரெவ் வேனை விட்டு இறங்கவேயில்லை.

"நகரும்மா."

"ஒரு ஆளை முழுங்கின இடம் இது. கொஞ்சம்கூடப் பயமில்லையா உங்களுக்கு?"

"உன் தலைவன் மணல்ல வழி தெரியாம செத்தான். அதுக்கு நான் என்ன பண்ண?"

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் கேளுங்க. இங்க நின்னு கத்தாதீங்க. வீட்டுக்கு வர்றவங்க கத்துற அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க."

ஒச்சிர் புல்டோசர்க்காரனைப் பார்த்துக் கண்ணடித்தார். "எந்த வார்த்தை? இதுவா?" இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"நாயைப் பிடிங்க!"

உயங்கா ஓரடி விலகி நின்றாள்.

யாருமில்லாத பள்ளத்திலிருந்து எரிசாண வாடை எழுந்தது. சங்கிலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு, அவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு குரல், வேலைக்காரனின் பணிவோடு பதில் சொன்னது:

"பிடிச்சிட்டேன் ஐயா, உள்ள வாங்க... நீங்க வந்தாத்தான் இந்த நாயை உங்க கையில குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போக முடியும்."