கூரையில் ஓடிய தெரு

குளிர்கால விடுமுறை வந்தால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள். மிளகின் வீட்டில் மட்டும் சுத்தியலும் பெயின்ட் டப்பாவும் வெளியே வரும். வருஷம் முழுக்க "லீவு வரட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்ட வேலைகள் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்கும்.

மிளகு என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் அல்ல. ஆள் சின்னவள், பேச்சு காரம். அதனால் அத்தை வைத்த பெயர் அது. அவள் தம்பிக்கு டமாரம் என்று பெயர் வைத்ததும் அத்தைதான். ஏன் என்று கேட்க வேண்டாம். அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

இந்த விடுமுறை வேலையே அந்த அத்தைக்காகத்தான்.

அத்தை, அப்பாவின் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மழை நாளில் பேருந்துப் படி வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல். "மல்லாந்து படுத்தபடியே இருக்கணும். திரும்பவோ எழுந்திருக்கவோ கூடாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் அழைத்து வருவதாக ஏற்பாடு.

மிளகின் வீடு முதல் மாடியில் இருந்தது. தெருவைப் பார்த்த சிறிய அறையை அத்தைக்கு ஒதுக்கினார்கள். எல்லாரும் சேர்ந்து சுவரைச் சுரண்டினார்கள், விரிசலில் மக்குப் பசை பூசினார்கள், கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். டமாரம் தன் தலைக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டான்.

ஜன்னலில்தான் வினை வந்தது. அப்பா லேசாகத்தான் இழுத்தார். மழையில் இற்றுப்போன சட்டம், கண்ணாடியோடு அப்படியே கையோடு வந்துவிட்டது.

புதுசு செய்யக் கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டால், "லீவு முடிஞ்சுதாங்க கடை" என்று சொல்லிவிட்டார். வெளியே எலும்பைத் தொடுகிற குளிர். வேறு வழியில்லாமல், ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு பெரிய பலகையை வைத்து அடித்தார் அப்பா. சுற்றிலும் இருந்த இடுக்குகளில் மிளகும் அம்மாவும் கந்தல் துணியைத் திணித்து ஒட்டினார்கள்.

"இருங்க, பலகைக்கு ஒரு கைப்பிடி வச்சிடறேன்" என்று அப்பா துளைபோடும் கருவியை எடுத்தார்.

அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. அந்த வீட்டில் எந்தப் படத்தைக் கழற்றினாலும் அதன் பின்னால் அப்பா இடம் மாறிப் போட்ட துளை ஒன்று ஒளிந்திருக்கும். படங்கள் மாட்டியதே அதற்காகத்தான்.

இப்போதும் அப்படியே. கைப்பிடிக்கான துளை பலகையின் ஓரத்தில் விழவில்லை. நட்டநடுவே, ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு விழுந்தது.

"நாளைக்கு மக்கு வச்சு அடைச்சிடறேன்" என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்று மாலை அத்தை வந்தார். சக்கரம் வைத்த கட்டிலில் படுக்க வைத்து அறைக்குள் தள்ளினார்கள். தலை ஜன்னல் பக்கம், கால் கதவுப் பக்கம். அப்போதுதானே வந்து போகிறவர்கள் முகம் தெரியும் என்று அப்பாவின் யோசனை.

ஆனால் அத்தை யார் முகத்தையும் பார்க்கவில்லை. வழக்கமாக வாசலிலேயே வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற அத்தை, இப்போது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"எனக்காக ஏன் இத்தனை பாடு? அங்கேயே விட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

"சும்மா இரு, அக்கா" என்றார் அப்பா.

அம்மா ஊட்டிய கஞ்சியில் இரண்டு வாய் உள்ளே போனது. மீதி அப்படியே திரும்பி வந்தது. சமையலறையில் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியது மிளகின் காதில் விழுந்தது.

"இப்படியே சாப்பிடாம இருந்தா எலும்பு ஒண்ணு சேராதாம். திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நாள் பூரா ரோட்டைப் பார்த்துப் பழகின மனுஷி. இப்போ பலகையைக்கூடப் பார்க்க முடியாமப் படுத்திருக்காங்க" என்றார் அம்மா. "கடவுளே, நீதான் ஒரு வழி காட்டணும்."

மறுநாள் காலையில் அப்பா மக்கைக் குழைக்க உட்கார்ந்தார். அத்தைக்குத் துணையாக இருக்க மிளகு அறைக்குள் போனாள்.

"கதவைச் சாத்திட்டு லைட்டை அணைச்சிடும்மா. கண்ணு கூசுது" என்றார் அத்தை.

மிளகு அணைத்தாள். அறை கும்மிருட்டானது. பலகையில் இருந்த துளை மட்டும் ஒற்றை நட்சத்திரம்போல் பளிச்சென்று தெரிந்தது. அவள் சத்தமில்லாமல் கதவோர மூலையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகியது.

பலகைக்கு எதிர்ச் சுவரின் கீழ்ப்பாதி நீலமாக இருந்தது. நேற்று வெள்ளைதானே அடித்தோம்? மிளகு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நீலத்தில் வெள்ளையாக ஏதோ மெல்ல நகர்ந்தது. கையை நீட்டினாள். அது அவள் உள்ளங்கையில் ஏறி, விரல்களைத் தாண்டி, மறுபடி சுவருக்குப் போனது.

மேகம்!

ஒரு பறவை அவள் முழங்காலை ஒட்டிப் பறந்து போனது. சிறகடிக்கும் சத்தம்கூட இல்லை.

மிளகு எழுந்து அண்ணாந்து பார்த்தாள். கூரை முழுக்கத் தெரு! காலை வெயிலில் நனைந்த தெரு, அதன் வண்ணங்களோடு அப்படியே மேலே கிடந்தது. சிவப்பு சைக்கிள் ஒன்று போனது. ஓர் அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். எல்லாம் விரல் உயரம். விளிம்புகள் மட்டும் தண்ணீரில் பார்ப்பதுபோலக் கொஞ்சம் கலங்கலாக இருந்தன.

இவ்வளவு பெரிய வானமும் தெருவும் ஒரு பென்சில் நுழைகிற துளை வழியாக எப்படி உள்ளே வந்தன? யாரும் கூப்பிடவில்லை, எதுவும் முட்டிக்கொள்ளவில்லை, ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. வெளிச்சம் தன்பாட்டுக்கு வந்து வரைந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் நிற்பதுபோல் அவள் அசையாமல் நின்றாள். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அத்தை, கண்ணைத் திறங்க" என்றாள் மெதுவாக. "கூரையைப் பாருங்க."

அத்தை திறந்தார். விழி விரிந்தது. "அட, என்னடி இது?" என்றார். அடுத்த நொடியே முகம் சுளித்தார். "எல்லாம் தலைகீழாப் போகுதே! வயித்தைப் பிரட்டுது." கண் மறுபடி மூடிக்கொண்டது.

ஐயோ என்று ஆகிவிட்டது மிளகுக்கு. அத்தையால் திரும்பிப் படுக்க முடியாது. கழுத்தை வளைக்கவும் கூடாது. தெருவைத் திருப்பி வைக்கவோ யாராலும் முடியாது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள், அத்தையைப் போலவே தலையை ஜன்னல் பக்கம் வைத்து. ஆமாம், எல்லாரும் தலைகீழாக நடந்தார்கள். எழுந்து, காலை ஜன்னல் பக்கம் நீட்டி மறுபடி படுத்தாள்.

எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள்!

அதே நேரம் கதவு திறந்தது. பளீரென்று வெளிச்சம் பாய்ந்து தெரு மறைந்தது. கையில் மக்கோடு அப்பா நின்றார்.

"அப்பா, அடைக்காதீங்க!" என்று துள்ளி எழுந்தாள் மிளகு.

"குளிர்காத்து வருதேம்மா, அத்தைக்கு ஆகாது."

"பழைய ஜன்னல் கண்ணாடியில ஒரு துண்டை வச்சு ஒட்டிடலாம்ப்பா. காத்து வராது, தெரு வரும்."

"என்னது, தெரு வருமா?"

அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள் மிளகு. அப்பாவின் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆனது. பிறகு மக்கு தொப்பென்று தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தைக்கு நேராத் தெரியணும்னா கட்டிலைத் திருப்பணும்ப்பா. காலு ஜன்னல் பக்கம் வரணும்" என்றாள் மிளகு.

கண்ணாடித் துண்டை ஒட்டியதும் வேலை ஆரம்பமானது. அறை குறுகல். உள்ளேயே கட்டிலைத் திருப்ப இடமில்லை. கூடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித்தான் உள்ளே விட வேண்டும். கூடத்திலோ ஏணி, பெயின்ட் டப்பா, கழற்றிய ஜன்னல் சட்டம் என்று கடை பரப்பியிருந்தது.

அப்பா இழுத்தார், அம்மா தள்ளினார். கட்டில் கூடத்துக்கு வந்து, குறுக்கே திரும்பி, ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

"நீங்க ஏன் அந்தப் பக்கம் இழுக்கறீங்க?" என்றார் அம்மா.

"நீ ஏன் இந்தப் பக்கம் தள்றே?" என்றார் அப்பா.

"வழி விடுங்க! வழி விடுங்க!" என்று டமாரம் காது கிழியக் கத்தினான். ஆனால் வழியில் நின்றது அவன்தான்.

அத்தை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? கண்ணைத் திறந்து அப்பாவை அதட்டினார்.

"டேய் தம்பி! நீ எல்லாம் வண்டி ஓட்டினா ஊரு தாங்காதுடா. நிறுத்து! எல்லாரும் கையை எடுங்க!"

எல்லாரும் கையை எடுத்தார்கள்.

"மிளகு, நீதான் கண்டக்டர். பின்னால எவ்வளவு இடம் இருக்கு?"

"ஒரு சாண், அத்தை!"

"முன்னால?"

"முன்னால டமாரம் இருக்கான், அத்தை!"

"அவனை இறக்கி விடு. ஆங்... தம்பி, தலைப்பக்கத்தை இடது பக்கமா ஒடிச்சுத் திருப்பு. இன்னும் ஒடி. போதும். இப்போ நேரா வா. நான் அண்ணிங்கற மரியாதையில மெதுவாத் தள்ளாதேம்மா, நல்லாத் தள்ளு!"

"ரைட், ரைட்!" என்றாள் மிளகு.

கட்டில் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. ஒரு பெயின்ட் டப்பாகூட உருளவில்லை. கால் முன்னே செல்ல, அத்தையின் கட்டில் அறைக்குள் அழகாக நுழைந்து நின்றது.

"ஹும்" என்றார் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இப்போதுதான் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். இருட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். டமாரம்கூட வாயைத் திறக்கவில்லை.

முதலில் வெளிச்சத் திட்டுகள் தெரிந்தன. பிறகு அவை மெல்ல மெல்லத் தெருவாயின.

மரத்தின் நிழல் நடுங்கியது. ஒருவர் பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு நாய் நின்று யோசித்துவிட்டுத் தெருவைக் கடந்தது. இடம் வலம்தான் மாறியிருந்தது. மற்றபடி எல்லாம் நிமிர்ந்து, நேராக, உயிரோடு நகர்ந்தன. அத்தையின் முகத்துக்கு நேர் மேலே ஓர் உலகம் நடந்துகொண்டிருந்தது.

"கடவுளே" என்றார் அம்மா.

அத்தையின் கண்ணிலிருந்து வழிந்த நீர் காதோரம் இறங்கியது. அப்போது கூரையின் ஓரத்திலிருந்து நீளமாக, மஞ்சளாக ஒன்று ஊர்ந்து வந்தது.

"பஸ்ஸுடா! டேய், நம்ம டிப்போ பஸ்ஸு!" அத்தையின் குரல் அறையை நிரப்பியது. "பாரு, பாரு, திருப்பத்துல எப்படி உருட்டறான்னு பாரு! பின்னால உட்கார்ந்திருக்கிற ஜனமெல்லாம் என்ன ஆகும்? நான் எழுந்து வந்ததும் இவனுக்கு இருக்கு!"

அப்பா இருட்டில் மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, அழுவறியா?"

"இல்லக்கா. மக்கு வாசனை."

"இத்தனை வருஷமா நீ போட்ட துளையிலேயே இது ஒண்ணுதான்டா உருப்படி" என்றார் அத்தை. பிறகு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா ஊட்ட ஊட்ட, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கிண்ணத்தைக் காலி செய்தார்.

மிளகு டமாரத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவன் தடதடவென்று படியிறங்கி ஓடினான். சற்று நேரத்தில் கூரையில் குட்டியாக ஓர் உருவம் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டியது. தலையில் வெள்ளைப் பெயின்ட்.

"அடேய், டமாரம்!" என்று சிரித்தார் அத்தை.

பேப்பர் போடும் அக்கா சைக்கிளை நிறுத்துவது தெரிந்தது. பலகையைத் தாண்டி டமாரத்தின் குரல் அறைக்கே கேட்டது.

"எங்க அத்தைக்குக் கை காட்டறேன்க்கா! பலகைக்குப் பின்னால படுத்திருக்காங்க! அவங்களுக்கு நாம தெரிவோம்!"

பேப்பர் அக்கா பலகையைப் பார்த்தார், டமாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கையை நன்றாக உயர்த்தி ஆட்டினார். பெட்டியோடு போனவர் திரும்பி வந்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கை காட்டினார். குழந்தையோடு திரும்பி வந்த அம்மா, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அத்தை ஒவ்வொருவருக்கும் வாயால் ஒரு ஹாரன் அடித்தார்.

வேலைக்கு விரைந்துகொண்டிருந்த ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். தெருவில் நாலு பேர் ஒரு பலகையைப் பார்த்துக் கையாட்டுவதைக் கண்டு நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்தார்.

"அது யாரு அத்தை?" என்றாள் மிளகு.

"தெரியலடி. முன்னபின்னே பார்த்ததில்லை" என்ற அத்தை, தன்னை ஒருபோதும் பார்க்க முடியாத அந்த மனிதருக்கு, இருட்டில் கையை உயர்த்தி, அவர் கூரையின் ஓரத்தில் மறையும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.