நேரம் கெட்டுடும்

பதினாறு வருஷம் கழித்து அந்த நீச்சல்குளத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குளோரின் நெடி. ஊறிப்போன மரப்பலகையின் வாடை. பிற்பகல் இரண்டு மணி வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீரில் விழுந்து சுவரெல்லாம் நெளிந்துகொண்டிருந்தது.

பம்ப் ஆபரேட்டர் சாவியை நீட்டினார். "மூணு டீச்சர் வந்தாங்க, ஓடிட்டாங்க. நீங்க நாலாவதும்மா."

"ஏன் ஓடினாங்க?"

"கரையில நின்னா ஒண்ணும் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "உள்ள தலைய முக்கினா மாஸ்டர் பேசுறாரு."

இங்கே நீச்சல் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மூச்சு விடாமல் நீருக்கடியில் குளத்தின் மூன்று நீளம் போகிற பெண்ணை உருவாக்கி, சாதனைப் புத்தகத்தில் தன் பெயரை ஏற்றிவிட வேண்டுமென்று மாஸ்டருக்கு வெறி. அதற்கு அவர் பிடித்த பிள்ளை, அவளுடைய தங்கை. பதிமூன்று வயது. மூன்றாவது நீளத்தில் தங்கையின் கைகள் அசைவதை நிறுத்தின. ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகக் கரையில் நின்ற அக்கா குதிக்கப் போனாள்.

"கை வைக்காதே! நேரம் கெட்டுடும். பாதிதான் பாக்கி" என்றார் மாஸ்டர்.

பதினைந்து வயது அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு விநாடி. அதற்குள் தங்கை போய்விட்டாள்.

"அந்த இடத்துக்கேவா வேலைக்குப் போற? உனக்கென்ன பைத்தியமாடி?" என்று இன்று காலையில் அம்மா கத்தினாள்.

"பிள்ளைங்க அங்கதான் நீந்தப் போகுதுங்க. கரையில நான் நிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பம்ப் ஆபரேட்டர் போனதும் அவள் தண்ணீரில் இறங்கித் தலையை முக்கினாள்.

முதலில் பம்ப்பின் முனகல் மட்டும். பிறகு, காதுக்கு மிக அருகே, பழைய குரல்.

"வந்துட்டியா? உன் தங்கச்சியால முடியல. நீ முடிப்ப."

நெஞ்சு இதமாக இருந்தது. மூச்சே தேவையில்லை போலிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்று கால்கள் தாமாகவே உதைத்தன. பயம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு ஆசை வந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

நாக்கைப் பலமாகக் கடித்தாள். வலியில் மேலே வந்து காற்றை விழுங்கினாள்.

நான்கு மணிக்கு எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். "யாரும் தலைய முக்கக் கூடாது. இன்னிக்கு கால் உதைக்க மட்டும்தான்" என்றாள். எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதைத்தார்கள். ஒரே ஆரவாரம். அவள் தலைகளை எண்ணிக்கொண்டே நடந்தாள்.

ஏழு.

மறுபடி எண்ணினாள்.

ஏழுதான்.

எல்லாரும் 'வாலு' என்று கூப்பிடும் எட்டு வயதுப் பெண், குளத்தின் அடித்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. முகத்தில் சிரிப்பு.

அவள் குதித்தாள். தண்ணீர் தலையை மூடிய கணத்தில் விசில் அலறியது.

"கை வைக்காதே! நேரம் கெட்டுடும்!"

தோள்கள் இறுகின. கை நீள மறுத்தது. பதினைந்து வயதில் நின்றது போலவே உடம்பு நின்றது.

"கெடட்டும்!"

நீருக்கடியில் அவள் கத்தினாள். இருந்த காற்றெல்லாம் குமிழ்களாகக் கொட்டியது. "கெட்டுத் தொலையட்டும்!" காற்றில்லாத நெஞ்சோடு பிள்ளையின் அக்குளில் கை கொடுத்து, தரையை உதைத்து மேலே வந்தாள்.

வாலு இருமினாள். தண்ணீர் கக்கினாள். அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"மிஸ், பாதிதான் பாக்கின்னு சொன்னாரே..."

"அவர் சொல்லுவார்டா கண்ணு. நாம கேக்க வேண்டாம்."

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாள். தண்ணீரை முழுக்க இறக்கிவிடும்படி பம்ப் ஆபரேட்டரிடம் சொன்னாள். "நாளையிலேருந்து முழங்கால் அளவுதான் நிரப்பணும். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க ஓடலையாம்மா?"

"அவர் போகட்டும். நான் ஏன் போகணும்?"

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அவள் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். குளத்தில் யாரும் இல்லை. நடுவில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. அடுத்தது கொஞ்சம் கிட்டே. இன்னொன்று, அவள் பாதத்துக்கு நேர் கீழே.

குளிர்ந்த விரல்கள் அவள் கணுக்காலைச் சுற்றின.

அவள் காலை எடுக்கவில்லை. அவர் பிடித்திருக்கட்டும், தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.