பத்து நிமிடம் மட்டும் ஓடிய கணினி

வான்கோழிச் சோற்றுக் கிண்ணத்தைத் தொடாமலேயே ஷு ச்சி-தாங் தம் குறையைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிற்று.

"என் வீட்டுக்குள்ளயே யாரோ கெடுக்கறாங்க, தெங் ஐயா. இருபத்தாறு நாளா, ஒரே ஒரு நாளைத் தவிர, என் கணினி ஒரு கணக்கும் முடிக்கல."

தெங் தலையசைத்தார். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் முப்பதாண்டு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தத்தம் வீட்டுக் கணினியின் உழைப்பை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குத் தானமாக அளிக்கும் தன்னார்வலர் குழு ஒன்று சியாயி நகரத்தில் உண்டு. அதில் எழும் வழக்குகளையெல்லாம் அவரே தீர்த்துவைப்பது வழக்கமாகியிருந்தது. அவரைக் காரில் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் ஓட்டுநர் குவோ அம்மாள், அழைக்காமலேயே அவ்வழக்குகளில் பங்கெடுத்துக்கொள்வாள். இப்போதும் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

ஷுவின் மகள் மான்சினுக்கு இருபத்திரண்டு வயது. தசைகள் ஒவ்வொன்றாய் அடங்கிப்போகும் நோய். இப்போது கண்கள் மட்டுமே அவள் சொற்படி கேட்கின்றன. கண் போகும் இடத்தைக் கணினி கவனித்து எழுத்தாக்கிக் குரலும் கொடுக்கும். அதே கணினியிலேதான் ஷு அந்நோய்க்கு மருந்து தேடும் கணக்குகளை ஓட்டிவந்தார். தொழிற்சாலையிலிருந்து திரும்பியதும், "இன்னிக்குப் பதினேழு முடிச்சிட்டோம்மா" என்று மகளிடம் எண்ணிக்கையைச் சொல்லுவார். ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை.

"அமைப்புக் கோப்பை யாராவது மாத்தினாங்களா?" என்று தெங் கேட்டார்.

ஷு தாளொன்றை நீட்டினார். அக்கோப்பு அவரே எழுதியது. அதில் மூன்றே கட்டளைகள். காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை மட்டுமே கணக்கு ஓட வேண்டும்; கணினி விசிறியின் சத்தத்தில் மகள் உறங்கமாட்டாள். மகளின் கண்ணெழுத்து நிரல் திறந்திருக்கும்வரை கணக்கு நிற்க வேண்டும். இல்லாவிடில் அவள் பேச்சு தடுமாறும். மைத்துனன் லியாவின் பந்தய விளையாட்டு திறந்திருந்தாலும் நிற்க வேண்டும்.

"தினமும் ஏழு மணிக்கு ஓட ஆரம்பிக்குது. ஏழு பத்துக்கு நின்னுடுது. விலக்கப்பட்ட நிரல் திறந்திருக்குன்னு மட்டும் கணினியோட பதிவேடு சொல்லுது. எதுன்னு சொல்லல."

"மகளோட நிரலா இருக்கலாமே?"

ஷுவின் குரல் இறங்கிற்று. "அவ ஒரு மாசமா பேசறதே இல்லீங்க. கண்ணும் போயிடுச்சோன்னு பன்னெண்டாந்தேதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண்ணுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அன்னிக்கு மட்டும் ஒம்பதுல இருந்து ஒரு மணிவரைக்கும் கணினி ஜோரா ஓடிச்சு. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். காரை ஓட்டிக்கிட்டுப் போனது யாரு? லியாவ். அவன் இல்லாதப்ப ஓடுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

காரில் ஏறியதும் குவோ அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மைத்துனன்தான் அண்ணே. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"நான் இன்னும் அவன் மூஞ்சியைப் பாக்கல. நீங்களும் பாக்கல."

"பாத்தா தெரியும்னு சொன்னேன்."

சனிக்கிழமை பிற்பகல். மான்சினின் அறைச் சன்னல்கள் சாத்தியிருந்தன. சக்கர நாற்காலியின் எதிரே திரை. அதில் ஒரு குடும்பப் படம். கணினி விசிறி ஓடவில்லை. லியாவ் விளையாட உட்காரும் நாற்காலியில் மடித்த துணிகள் இடுப்புயரத்திற்கு அடுக்கியிருந்தன. அதனருகே கிடந்த விளையாட்டுக் கைப்பிடியின்மேல் தூசி படிந்திருந்தது. திரையின் கீழே, கண்ணசைவைக் கவனிக்கும் சிறு ஒளிப்பெட்டியின் கண்ணாடியோ துளி மாசுமின்றி இருந்தது.

"தினமும் தொடைப்பேன்" என்றாள் பணிப்பெண் வார்த்தி. ஜாவாவிலிருந்து வந்து ஆறு ஆண்டாகிறது. "ஏழு பத்துக்கு இவங்களை நாற்காலியில உக்கார வெச்சதும் முதல் வேலை அதான். பேசாட்டியும், பேசணும்னு தோணறப்ப அழுக்கா இருக்கக் கூடாதில்ல."

லியாவ் வாசல் நிலையில் சாய்ந்தபடி, "துப்பறியறவரைக் கூட்டிட்டு வந்திருக்கியா, அத்தான்? கைரேகை வேணுமா?" என்றான்.

"போன வாரம் எங்க இருந்தீங்க?" என்றார் தெங்.

"மூணு நாள் பெங்ஹு தீவுல மீன் பிடிச்சேன். படகுச் சீட்டு இருக்கு. பாக்கறீங்களா?"

"பதிவேடு அந்த மூணு நாளும் ஏழு பத்துக்கே நின்னதா சொல்லுது."

ஷு திடுக்கிட்டார். குவோ அம்மாள் தன் தீர்ப்பைச் சத்தமின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

தெங் கணக்குப் பட்டியலைத் திறந்து நெடுநேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வாறு அவர் செய்தால் நல்ல செய்தி வராது என்பதைக் குவோ அம்மாள் அறிவாள்.

"பன்னெண்டாந்தேதி ரெண்டு பேரு வீட்டுல இல்ல, ஷு. நீங்க ஒருத்தரைத்தான் எண்ணுனீங்க. கண்ணெழுத்து நிரல் முன்னாடி கண்ணு இல்லாட்டி அஞ்சு நிமிஷத்துல தானே மூடிக்கும். அதான் மகள் ஆஸ்பத்திரியில இருந்த நேரம் கணக்கு ஓடிச்சு. மத்த நாளெல்லாம் ஏழு பத்துல இருந்து நிரல் திறந்தே இருக்கு. திரையோட இடது மூலையில சுருக்கி வெச்சிருக்கா. நாம உள்ள வந்ததுல இருந்து அவ கண்ணு அந்த மூலைய விட்டு நகரல."

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். விரல் நகம் அளவில் ஒரு கட்டம் இருந்தது.

"ஆனா அவ பேசலையே" என்றார் ஷு.

"பேசினா நிரல் திறந்திருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். அதுக்காகத்தான் இருபத்தாறு நாள் வாயடைச்சுக் கிடந்தா."

"எதுக்கு? அவளுக்காகத்தானே ஓட்டறேன்."

தெங் பட்டியலைச் சுட்டினார். "இப்ப உங்க கணினிக்கு வர்றது மருந்துக் கணக்கு இல்ல. மழைக் கணக்கு. எங்கயோ ஒரு நாட்டு வறட்சிக்கு. அந்த மருந்துத் திட்டத்தை மூடிட்டாங்க. இருபத்தேழு நாளைக்கு முன்ன அறிவிப்பு வந்திருக்கு, நீங்க திறக்கல. யாரோ திறந்து படிச்சிருக்காங்க. சேரும்போது, 'இந்த வேலை இல்லாட்டி வேற எந்த வேலையானாலும் கொடு'ன்னு நீங்க ஒப்புக்கிட்டிருக்கீங்க. அதனால எண்ணிக்கை குறையாம ஏறிக்கிட்டே இருந்திருக்கும்."

ஷு அறிவிப்பைப் படித்தார். அது நான்கே வரி. 'பயனுள்ள முடிவு கிட்டவில்லை' என்பது மூன்றாவது வரி.

மூலைக் கட்டம் விரிந்து திரை முழுதும் எழுத்துகளாயிற்று. மான்சினின் கண்கள் ஒவ்வோர் எழுத்தாய்த் தேடின. கடைசியில் ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் வந்தது.

"சாயங்காலம் நீங்க நம்பர் சொல்றது தாங்கலப்பா. மூடிட்டாங்கன்னு சொல்லவும் முடியல."

லியாவ் நிலையிலிருந்து நிமிர்ந்து நின்றான். வார்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷு தெங்கின் பக்கம் திரும்பிக் கேட்டார். "வேற எங்கயாவது இந்த நோய்க்குக் கணக்கு ஓடுதா? எந்த நாடா இருந்தாலும்."

"பட்டியலைப் பாத்ததுமே தேடினேன். இல்ல."

"சின்னதா ஒண்ணுகூடவா?"

"இல்ல, ஷு."

ஷு மகளருகே மண்டியிட்டார். "நான் இப்ப என்னம்மா செய்யணும்?"

கண்கள் எழுத்துகளின்மேல் தொடங்கின, நின்றன, முதலிலிருந்து மீண்டும் தொடங்கின.

"தெரியலப்பா."

பிறகு அவள் மூன்று முறை இமைத்தாள். எழுத்துகள் மறைந்தன, நிரல் மூடிக்கொண்டது. பழைய குடும்பப் படம் திரும்பிற்று. சில நொடிகள் ஒன்றுமில்லை. அதன்பின், நான்காண்டுகளுக்குமுன் ஷு தம் கையால் எழுதிய கட்டளைப்படி, விசிறிகள் ஒவ்வொன்றாய்ச் சுழலத் தொடங்கின. எங்கோ ஒரு நாட்டின் மழையைக் கணினி கணக்கிட ஆரம்பித்தது.

அதை நிறுத்த யாரும் கை நீட்டவில்லை.