மீசையில் ஒட்டிய கிரீம்

மயங்கி விழுந்தவன் நேராக அவள் தோளில்தான் விழுந்தான்.

ஆறடி உருவம். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரின் பிரிவு உபசாரத்துக்குக் கேக் கொண்டுவந்த பேக்கரிக்காரன், வழி தெரியாமல் ரத்தப் பரிசோதனை அறைக்குள் நுழைந்துவிட்டான். அங்கே அவள் யாருக்கோ ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்தான்... அவ்வளவுதான்! கேக் தரையில், அவன் அவள்மேல்.

"இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு, ஒரு துளி ரத்தத்துக்கு இப்படியா?"

கண் திறந்தவன் முதலில் பார்த்தது அவள் கண்களை. கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது...

"கேக் என்னாச்சு மேடம்?"

"கேக்கை விடுங்க. கையை நீட்டுங்க."

மயங்கி விழுந்தவனைச் சும்மா அனுப்ப முடியுமா? சோதித்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கம். மாத்திரை, தினமும் நடை, மாதம் ஒரு பரிசோதனை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

"பேக்கரிக்காரனைப் போய் இனிப்பைத் தொடாதேன்னா எப்படி மேடம்?"

"தாராளமா தொடுங்க. தின்னாதீங்க."

மாதாமாதம் வந்தான். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவான். சட்டை தொளதொளத்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"மழையிலகூடக் குடை பிடிச்சுட்டு நடந்தேன் மேடம்."

"பாத்தவங்க சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிக்கட்டும். உங்ககிட்டத் திட்டு வாங்குறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

சிரிப்பை மறைக்க அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் டாக்டர் சொல்லிவிட்டார். "மாத்திரையை நிறுத்திடலாம். இந்த நடையை மட்டும் விட்டுடாதீங்க. இனி அடுத்த வருஷம் வந்தாப் போதும்."

அதைச் சொல்ல வந்தவன் முகம், பரீட்சையில் தோற்றவன் முகம் மாதிரி தொங்கிப்போயிருந்தது. அவளுக்கும் உள்ளே என்னவோ சுருக்கென்றது. ஆனால் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா!

"தப்பிச்சீங்க! இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க."

பாதிச் சிரிப்போடு போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்தாள்... வேறு யாரோ. ஒருவனுக்கு உடம்பு தேறியதற்காக யாராவது வருத்தப்படுவார்களா? சீ, என்ன பெண் நான்! அவன் நம்பர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கை அதுவரை போகும், திரும்பிவிடும். நானாகக் கூப்பிடுவதா? கூப்பிட்டு என்ன கேட்பது... சர்க்கரை சௌக்கியமா என்றா?

ஒரு மழைக்காலையில் அவனே வந்து நின்றான்.

"சும்மாதான்... ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்னு."

"வெறும் வயித்தோடதானே வந்திருக்கீங்க?"

"ஆமா," என்றான், சுவரைப் பார்த்து.

மீசை ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பேக்கரிக்காரன்தானே என்று விட்டுவிட்டாள். பரிசோதனை முடிவு வந்தபோது தலையில் இடி. சர்க்கரை பழையபடி எகிறியிருந்தது. டாக்டர் முன்பைவிடக் கடுமையான மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவளுக்குப் பொட்டில் அறைந்தது போல உறைத்தது. கேக் செய்கிறவன் கையில் கிரீம் ஒட்டலாம். மீசையில் எப்படி ஒட்டும்? தின்றவன் மீசையில்தான் ஒட்டும்!

அடப்பாவி... நல்ல உடம்பை வைத்துக்கொண்டு அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும்? சர்க்கரை சரசரவென்று இறங்கும், ஆள் சுருண்டு விழுவான். இந்த முறை தாங்க அவள் தோள் பக்கத்தில் இருக்காது.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. டாக்டரோ வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி அவன் பேக்கரிக்கு ஓடினாள். ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்கிறவளுக்கு, ரெண்டு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது...

அடுப்பின் முன்னால் மாவுக் கையோடு நின்றிருந்தான். அப்பாடா, நிற்கிறான்!

"மாத்திரை போட்டீங்களா?"

"சாப்பிட்டுட்டுப் போடலாம்னு..."

"கொடுங்க இப்படி!" பிடுங்கிக்கொண்டாள். "காலையில கேக் தின்னீங்கதானே? பொய் சொன்னா கொன்னுடுவேன்."

தலைகுனிந்தான். "பெரிய துண்டு."

"ஏன்? உயிரோட விளையாடறீங்களா?"

"அடுத்த வருஷம்னு டாக்டர் சுலபமா சொல்லிட்டாரு. எனக்கு அடுத்த வாரமே தாங்கலை. நோய் இல்லாதவன் உங்களைப் பாக்க வேற என்ன வழி மேடம்?"

"வாசல்ல வந்து நின்னிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"தலைவச்சுப் படுக்காதேன்னு சொன்னது யாராம்?"

அவள் முகத்தில் மழைத்தண்ணீரோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது.

"நான்தான் சொன்னேன். சொல்லிட்டு ஒருநாள்கூட நிம்மதியா இல்லை... போதுமா? இன்னும் என்ன சொல்லணும்? உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் மாவுக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நிஜமாவே வெறும் வயித்தோட வாங்க. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடுவுல ஆஸ்பத்திரிப் பக்கம் பாத்தேன், நடக்கறதே வேற!"

"அப்ப உங்களை எப்படி...?"

"காலையில எந்தத் தெருவுல நடக்கறீங்க?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் வரேன். ஆயுசுக்கும்."

அவன் தள்ளாடி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ... என்ன, மறுபடி மயக்கமா?"

"தெரியலை." முதல் தடவையாக மேடம் என்பதை மறந்தான். "தோளைக் கொஞ்சம் குடேன்..."

அவள் கொடுத்தாள்.